உடன் சென்றவள்: புகாரிலிருந்து மதுரைக்கு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுக் காலம் ஓர் இலக்கிய வட்டம் இடையறாது கூடி வருவது எளிய செயலன்று. இத்தகைய விழாவில் மீண்டும் கண்ணகியைப் பற்றியா ஓர் உரை என்று அவையில் சிலர் எண்ணக்கூடும். கற்புத் தெய்வம், நீதி கேட்ட நங்கை, நகரை எரித்த சீற்றம் என்றெல்லாம் பட்டிமன்றங்கள் அவளை வேண்டிய அளவு பேசிவிட்டன. ஆயினும் ஓர் எளிய செய்தி பெரும்பாலும் பேசப்படாமலே போகிறது. கண்ணகி, கணவன் பொருளீட்டும் பொருட்டுத் தன் ஊரையும் நாட்டையும் விட்டு அடுத்த நாட்டிற்குக் குடிபெயர்ந்த பெண். சோழநாட்டுப் புகாரில் பிறந்தவள், பாண்டியநாட்டு மதுரைக்குக் கணவனோடு சென்றாள். அவளைத் தெய்வமாகக் காண்பதற்கு முன்னர் இந்நிலையில் வைத்துக் காண்பது இவ்வுரையின் நோக்கமாகும்.

இலக்கணம் வகுத்த இரு வழிகள்

பழந்தமிழ் அகப்பொருள் மரபில் பயணம் இருவகைப்படும். ஒன்று உடன்போக்கு. திருமணத்திற்கு முன், பெற்றோர் அறியாமல், தலைவனோடு தலைவி செல்வது அது. மற்றொன்று பொருள்வயிற் பிரிவு. மணந்தபின் தலைவன் பொருள் தேடிச் செல்ல, தலைவி இல்லிருந்து ஆற்றியிருப்பது அது. உடன்போக்கில் பெண் செல்கிறாள். ஆனால் பொருளுக்காக அன்று, காதலுக்காக. பொருள்வயிற் பிரிவில் பொருள் உண்டு. ஆனால் பெண் செல்வதில்லை. கடல் கடந்து செல்லும் வழக்கம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு நூற்பாவே இருப்பதாகப் பொதுவாகப் பொருள் கொள்ளப்படுகிறது.

இவ்விரு வழிகளுக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. மணமான பெண், கணவன் பொருளீட்டப் போகும் நாட்டிற்குத் தானும் உடன் செல்வாளாயின், அவளுடைய துயரையும் துணிவையும் பாடுவதற்கு எந்தத் துறை இருக்கிறது? பிரிவாற்றாமை அவளுக்குப் பொருந்தாது. கணவன் அருகிலேயே இருக்கிறான். நற்றாய் இரங்கலும் செவிலி புலம்பலும் அவளைப் பெற்றவர்க்கும் வளர்த்தவர்க்கும் உரியன. அவளுக்கு உரியன அல்ல. இளங்கோவடிகள் இந்த இடைவெளியில்தான் தம் காப்பியத்தின் நடுப்பகுதியைக் கட்டினார் எனலாம். உடன்போக்கையும் பொருள்வயிற் பிரிவையும் ஒரே பயணமாக இணைத்து, அப்பயணத்தின் சுமையை மனைவியின் காலடிகளில் வைத்துக் காட்டினார்.

சிலம்பு என்னும் முதல்

கனாத்திறம் உரைத்த காதையில் கோவலன் வீடு திரும்புகிறான். முன்னோர் தேடிய செல்வம் எல்லாம் அழிந்துவிட்டது என்று வருந்துகிறான். மாதவிக்குக் கொடுக்க இன்னும் பொருள் வேண்டுகிறான் போலும் என்று கருதிய கண்ணகி, முகத்தில் சிறு நகையோடு, தன் காற்சிலம்புகள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளலாம் என்கிறாள். அப்போதுதான் கோவலனுக்கு மதுரை நினைவு வருகிறது. அச்சிலம்பையே முதலாக வைத்து, இழந்த பொருளை மதுரையில் ஈட்டலாம் என்று முடிவு செய்கிறான். அவளையும் வரச் சொல்கிறான். விடியுமுன் இருவரும் வெளியேறுகின்றனர்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கணவனின் வேலைக்காக மனைவி சென்றாள் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் அந்த வேலைக்கு முதலீடு எது? அவளுடைய சிலம்பு. கோவலனிடம் அவ்வேளையில் வணிகக் குலப்பெயர் ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. மதுரைப் பயணத்தின் பொருளாதாரம் முழுவதும் அவள் காலில்தான் இருந்தது. அப்படியிருந்தும் புறப்படுவோமா என்று அவளிடம் யாரும் கலந்து பேசவில்லை. எழுக என்றவுடன் அவள் எழுந்துவிட்டாள் என்பதைப் பின்னர்க் கொலைக்களக் காதையில் கோவலனே நினைந்து வருந்துகிறான். பொருளைக் கொடுத்தவள் அவள். முடிவைச் செய்தவன் அவன். தமிழ்க் குடும்பங்களின் அயல்நாட்டுப் பயணங்கள் பலவற்றுக்கும் இது இன்றளவும் பொருந்தும் கணக்காகும். கணவனின் பயணச் செலவுக்காக அடகுக் கடைக்குச் சென்ற வளையல்களும் சங்கிலிகளும் எந்த வரலாற்றிலும் இடம்பெறவில்லை.

முப்பது காதம்

புகாரை விட்டு ஒரு காதத் தொலைவு நடந்தவுடன் கண்ணகி களைத்துப்போகிறாள். மாளிகையில் வாழ்ந்த அவளுடைய கால்கள் நெடுவழி அறியாதவை. மதுரை என்னும் பழைய ஊர் எது என்று கணவனைக் கேட்கிறாள். அவனோ முப்பது காதம் என்று நேரே சொல்லாமல், ஆறையும் ஐந்தையும் அடுத்து வைத்துச் சொல்லி, அண்மையில்தான் என்று நகைக்கிறான். காப்பியத்தில் அச்சிரிப்பு இடம்பெறும் இடத்தைப் படிப்போர் அதைச் சிரிப்பாகக் கொள்வதில்லை. தொலைவை மறைத்துச் சொல்வது அன்பின் காரணமாகவும் இருக்கலாம். அச்சத்தின் காரணமாகவும் இருக்கலாம்.

அந்தக் கேள்வி அவளுடைய அறியாமையைக் காட்டுவதாக உரைப்பார் உண்டு. அதில் வேறொன்றும் உண்டு. செல்லும் ஊர் எங்கிருக்கிறது, எவ்வளவு தொலைவு, அங்கு யார் இருக்கிறார்கள் என்ற எதுவும் அவளுக்குச் சொல்லப்படவில்லை. ஒரு பெண் குடிபெயரும்போது அவளுக்கு முதலில் மறுக்கப்படுவது வீடன்று, செய்தி. சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, திரும்பி வருவது எப்போது என்பனவெல்லாம் கணவனும் அவனை வேலைக்கு எடுத்தவரும் பேசி முடித்த செய்திகளாகிவிடுகின்றன. அவளுக்குக் கிடைப்பது, அருகில்தான் என்ற ஒரு சொல்.

அதன்பின் வழி நீள்கிறது. கவுந்தியடிகள் துணையாகிறார். சோழநாட்டு வயல்களைக் கடந்து உறையூர் வந்து, அங்கிருந்து பாலை வழியே பாண்டியநாடு புகுகின்றனர். பகலின் வெம்மையை அஞ்சி இரவில் நடக்கின்றனர். கௌசிகன் என்னும் அந்தணன் வழியில் கோவலனைக் கண்டு மாதவியின் ஓலையைத் தருகிறான். புகாரில் பெற்றோர் படும் துயரையும் சொல்கிறான். கோவலன் அதே ஓலையைத் தன் பெற்றோரிடம் காட்டுமாறு திருப்பி அனுப்புகிறான். ஊரிலிருந்து வந்த ஓலையும் கணவன் பெயருக்கே. ஊருக்குச் சென்ற ஓலையும் கணவன் விடுத்ததே. மாநாய்கன் வீட்டிற்குக் கண்ணகி அனுப்பிய ஓலை என ஒன்று காப்பியத்தில் இல்லை. அவள் பேசியிருந்தால் என்ன எழுதியிருப்பாள் என்பதைக் காப்பியம் கவிஞர்களுக்கு விட்டுவைத்திருக்கிறது.

அடைக்கலம்

வையையைப் புணையில் கடந்து மதுரையின் புறஞ்சேரியில் தங்குகின்றனர். வணிகர் பெருமக்கள் கோவலனின் குலத்தை அறிந்தால் எதிர்கொண்டு வரவேற்பார்கள் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. இயக்கிக்குப் பால்மடை படைத்துத் திரும்பி வந்த மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார். செல்வ வணிகரின் மாளிகை திறக்கவில்லை; மோர் விற்கும் குலத்தவளின் சிறு மனை திறந்தது.

ஆய்ச்சியர் சேரியில் மாதரி கண்ணகிக்குத் தனி மனை ஒன்றும் புதிய கலங்களும் காய்கறிகளும் அரிசியும் தந்து, தன் மகள் ஐயையை உதவிக்கு வைக்கிறாள். கண்ணகி தன் கையால் காய் அரிந்து, கை சிவக்கச் சமைத்து, குமரி வாழையின் இலையில் கணவனுக்கு உணவு படைக்கிறாள். அயல்நாட்டில் அவள் நடத்திய இல்லறம் அந்த ஒரு வேளை உணவுதான். பெயர்ந்து வந்த பெண்கள் இப்பகுதியைப் படிக்கையில் பிறர் காணாத ஒன்றைக் காண்பர். புதிய ஊரில் ஓர் அடுப்பை மூட்டி, அங்குக் கிடைக்கும் காயில் தன் ஊர்ச் சுவையைக் கொண்டுவர முயல்வது எத்தகைய உழைப்பு என்பது அவர்களுக்குத் தெரியும்.

அன்று கண்ணகி கணவனிடம் பேசிய சொற்களும் கருதத்தக்கவை. விருந்தினரை எதிர்கொள்ளும் பேறும் அறவோர்க்கு அளிக்கும் பேறும் தான் இழந்தவை என்று கூறுகிறாள். கணவனைப் பிரிந்திருந்த காலத்தின் இழப்பை அவள் தனிமையாகச் சொல்லவில்லை; ஓர் இல்லத்தரசியின் பொதுநிலைக் கடமைகளை இழந்ததாகச் சொல்கிறாள். அதாவது, ஊரில் அவளுக்கு இருந்த இடம் போயிற்று என்கிறாள். இன்று அதையே வேறு சொற்களில் வேலை என்றும் பட்டம் என்றும் மதிப்பு என்றும் சொல்கிறார்கள்.

அடைக்கலம் என்னும் சொல்லும் ஆழ்ந்து நோக்குதற்குரியது. அது பாதுகாப்பைத் தருகிறது. அதே வேளையில் ஒருத்தியைப் பிறர் கையில் ஒப்படைக்கும் பொருளாகவும் ஆக்குகிறது. மாதரி அச்சொல்லின் முழுச் சுமையையும் தாங்கினாள். அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினேன் என்று பின்னர்த் தீப்புகுந்தாள் என நீர்ப்படைக் காதை கூறுகிறது. அயலாளைக் காத்தல் எவ்வளவு பெரிய கடமை என்பதை மதுரையின் அரசவை உணரவில்லை. ஓர் இடைச்சி உணர்ந்தாள்.

பெயர்

கோவலன் இறந்தபின் மதுரையில் கண்ணகியின் நிலை என்ன? கணவனைத் தவிர அந்நகரில் அவளை அடையாளம் காட்டக்கூடியோர் ஆயர் சேரியினர் மட்டுமே. கணவன் கள்வன் எனப்பட்டால் அவளும் கள்வன் மனைவி. பற்றிக்கொள்ள இருந்தது ஒரே ஒரு சான்று: இணையில் மீந்த ஒற்றைச் சிலம்பு. அதனுள் மாணிக்கப் பரல் இருந்தது. கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்துப் பரல் இருந்தது. நகரின் நீதி அந்த ஒரு சான்றில் நின்றது.

அரசன் யாரென்று கேட்கும்போது அவள் தரும் விடையின் ஒழுங்கு கருதத்தக்கது. முதலில் தன் நாட்டு மன்னர்களின் நீதியைச் சொல்கிறாள். புறாவின் துயர் தீர்த்த சிபியையும், மகனைத் தேர்க்காலில் இட்ட மனுவேந்தனையும் நினைவூட்டுகிறாள். பின்பு தன் ஊர் புகார் என்கிறாள். பின்பு மாமனாரின் பெயர். பின்பு கணவனின் பெயர். அவன் வாழ்தல் வேண்டி இந்நகருக்கு வந்தவன் என்பதைச் சொல்கிறாள். எல்லாவற்றிற்கும் இறுதியில்தான் தன் பெயரைச் சொல்கிறாள். புகார்க் காண்டத்தில் சில சொற்களே பேசிய பெண், அயல்நாட்டு அவையில்தான் முதன்முதலாகத் தன் வாயால் தன் பெயரை ஊரறியச் சொல்கிறாள். அது அவளுக்குக் கிடைத்த பேறன்று. கணவனை இழந்த விலையில் பெற்றது.

கடவுச்சீட்டின் காலம்

இனிச் சற்றே இக்காலத்திற்கு வரலாம். சோழநாட்டிற்கும் பாண்டியநாட்டிற்கும் இடையே இருந்ததைப் போன்ற அண்மை, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையே உண்டு. 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே கடந்த நீளம் உடையது. 1965இல் இரண்டும் தனி நாடுகளாயின. அன்றுமுதல் அந்த ஒரு கிலோமீட்டர் வேறோர் அளவையால் அளக்கப்படுகிறது. அருகில்தான் என்று கோவலன் சொன்னது இங்கும் உண்மை. முப்பது காதம் என்பதும் உண்மை.

சிங்கப்பூரில் வேலைக்கு வரும் கணவனுடன் மனைவி தங்குவதற்கு வழங்கப்படுவது டிபெண்டன்ட் பாஸ். சார்ந்திருப்போர் அனுமதி என்று தமிழில் சொல்லலாம். எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் வைத்திருப்போருக்கு இது உண்டு. ஆனால் 2018 முதல் மாதம் 6,000 வெள்ளி நிலைச் சம்பளம் இருந்தால்தான் மனைவியை அழைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் ஒர்க் பெர்மிட் தொழிலாளிக்கு அந்த உரிமை இல்லை. ஆகவே ஒரே ஊரிலிருந்து வரும் இருவருள் ஒருவரின் மனைவிக்கு உடன்போக்கு. மற்றவரின் மனைவிக்குப் பொருள்வயிற் பிரிவு. பழைய இலக்கணத்தின் இரு துறைகளையும் இன்று சம்பளச் சீட்டு பிரித்து வைக்கிறது.

உடன் வந்தவளின் நிலையும் எளிதன்று. முன்னர் அவள் வேலை பார்ப்பதற்கு ஓர் இசைவுக் கடிதம் போதுமானதாக இருந்தது. 2021 மே 1 முதல், பொதுவாக, வேலை செய்ய விரும்பினால் அவளே தகுதி பெற்றுத் தனி வேலை அனுமதி பெறவேண்டும் என்று விதி மாறியது. கணவனின் வேலை முடிந்து அவனது அனுமதி நீங்கினால் அவளது அனுமதியும் நீங்கும். கணக்காயராகவோ ஆசிரியராகவோ செவிலியராகவோ பத்தாண்டு உழைத்த பெண்ணுக்கு, பிறந்த ஊரில் தன் பெயரால் ஒரு மேசை இருந்தது. புதிய நாட்டில் அவள் பெயருக்கு முன் கணவனின் பெயர் எழுதப்படும் ஒரு படிவம் இருக்கிறது. அவளுடைய பட்டச் சான்றிதழ் பெட்டியின் அடியில், மற்றொரு கால் இல்லாத ஒற்றைச் சிலம்பாகக் கிடக்கிறது.

இவ்விதிகளுக்கு அவ்வரசுகளின் காரணங்கள் உண்டு. தன் நாட்டவரின் வேலைவாய்ப்பைக் காப்பது எந்த அரசுக்கும் கடமையே. அதை மறுத்து வாதிடுவது இவ்வுரையின் நோக்கமன்று. ஆனால் சட்டம் எழுதும் சொல்லும் இலக்கியம் எழுதும் சொல்லும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. சட்டம் அவளைச் சார்ந்திருப்பவள் என்கிறது. இலக்கியமும் அவ்வாறே சொல்லி முடித்துவிட்டால் அவள் எங்குச் சென்று முறையிடுவாள்?

குழந்தையின் குடியுரிமையிலும் தாயின் பெயர் நெடுங்காலம் பின்னிடத்தில்தான் இருந்தது. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தந்தை வழியே மட்டுமன்றித் தாய் வழியேயும் குடியுரிமை கிடைக்கும் என்பதை இந்தியா 1992இலும் சிங்கப்பூர் 2004இலும் ஏற்றன. மலேசியாவில் அதற்கான அரசமைப்புத் திருத்தம் 2024இல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்காக அந்நாட்டுத் தாய்மார் நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறியிறங்க வேண்டியிருந்தது. அரசனின் அவைக்குள் சிலம்போடு புகுந்தவளின் வழி அது.

இதன் மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ்ப் பெண்கள் எல்லாரும் கணவனின் வேலைக்காகவே அயல்நாடு சென்றவர்கள் அல்லர். பாக்கு நீரிணைக்கு அப்பால் இலங்கை மலையகத்திற்குச் சென்ற பெண்கள் தாங்களே கொழுந்து பறித்துக் கூலி பெற்றவர்கள். இல்லத்தரசி என்ற சொல் அவர்களுக்குப் பொருந்தாது. ஆயினும் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் எண்ணி எழுதப்பட்டபோது, அந்த எண்ணுக்குள் இருந்த பெண்களைத் தனித்தனியே யாரும் கேட்கவில்லை. உழைத்தவள் ஆயினும் உடன் சென்றவள் ஆயினும், எழுக என்ற ஒரு சொல்லுக்கு எழுந்தாக வேண்டிய நிலை ஒன்றே.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பிரிந்து சென்ற கணவனின் ஏக்கத்தை அயலகத் தமிழ்க் கவிதை நிறையப் பாடியிருக்கிறது. ஊரில் தங்கிய மனைவியின் கண்ணீரும் பாடப்பட்டிருக்கிறது. தாய்நாட்டின் மண்ணையும் மழையையும் பாடாத தொகுப்பு இல்லை. ஆனால் பகல் பத்து மணிக்கு, கணவன் வேலைக்கும் பிள்ளை பள்ளிக்கும் சென்றபின், பன்னிரண்டாம் மாடியில் சன்னலருகே நிற்கும் பெண்ணைப் பாடிய கவிதைகள் மிகக் குறைவு. அவளுக்குப் பிரிவில்லை என்பதால் துயரும் இல்லை என்று மரபு முடிவு கட்டிவிட்டது.

அவளை இரக்கத்திற்குரியவளாக மட்டும் எழுதுவதும் நேர்மையாகாது. அவள் புதிய மொழியில் சந்தையில் விலை பேசக் கற்றுக்கொள்கிறாள். அடுத்த வீட்டுச் சீன மூதாட்டியிடமும் மலாய்க்காரப் பெண்ணிடமும் தன் மாதரியைக் கண்டெடுக்கிறாள். சில வேளைகளில், ஊரில் கிடைக்காத ஓர் உரிமையையும் தனிமையையும் அங்கேதான் பெறுகிறாள். கண்ணகியின் குரல் மதுரையில்தான் பிறந்தது என்பதை இங்கு மறத்தலாகாது. ஆனால் அக்குரல் பிறக்க ஒரு கொலை நிகழ வேண்டியிருந்தது. அத்தகைய விலையின்றி அவள் பேசுவதற்கு இடம் தருவது எதுவோ, அதுவே நல்ல நகரம். அதுவே நல்ல இலக்கிய வட்டமும் ஆகும்.

இவ்வட்டத்தின் மாதக் கூட்டங்களில் கணவரோடு வந்து பின்வரிசையில் அமர்ந்து, தேநீர் வேளையில் கிண்ணங்களை எடுத்து வைத்துவிட்டுச் செல்லும் பெண்கள் இருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்களுள் பலர் இன்னாரின் துணைவியார் என்றே எழுதப்பட்டிருக்கிறார்கள். பதினோராம் ஆண்டுப் பதிவேட்டைத் தொடங்கும்போது அப்பெண்களின் பெயரை முதலில் கேட்டு எழுதுதல் நன்று. அடுத்த கவியரங்கில் அவர்களுள் ஒருவரேனும் தம் சொந்தப் படைப்பை வாசித்தல் அதனினும் நன்று.

புகாரிலிருந்து மதுரைக்குச் சென்றவள் தன் பெயரை இறுதியில் சொன்னாள். அடுத்து வருபவள் அதை முதலில் சொல்லட்டும்.